கிளவுஸ் சத்தம்

கிளவுஸுக்குள் இருக்கும் பஞ்சைக் கொஞ்சம் உருவிவிட்டு, பந்தை விரலடியில் நேராக வாங்கிப் பாருங்கள். வெடி வெடித்த மாதிரி கேட்கும். கை வீங்கிப்போகும், ஆனால் பந்து வேகமாக வந்ததென்று நம்பி எறிந்தவனுக்குத் தெம்பு வரும். பேஸ்பாலில் பந்து பிடிக்கிற எல்லா கேட்சரும் செய்கிற பித்தலாட்டம்தான் இது. பந்து எறிகிற பிட்சர் வெண்டலுக்காக ஆறு வருடம் இதைச் செய்தேன், பாவி நான்.

வெண்டலுக்கு வயது முப்பத்தாறு. முழங்கையை இரண்டு தடவை அறுத்தாயிற்று. பெரிய லீக்கில் ஒரே ஒரு முறை, பதினோரு நாள் இருந்திருக்கிறான். அதற்கப்புறம் அமெரிக்காவின் அயோவாவில், சோளக்காட்டு ஊர் ஒன்றில், எங்கள் டீமுக்கு எறிந்துகொண்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவனை எடுக்கலாமா என்று பார்க்கப் பெரிய டீம் ஒன்றிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் கோச் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு அன்று பகல் ஒரு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவன் மனைவி ஜோலீன் காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள்.

ஆட்டத்துக்கு முன் வேலியோரம் எறிந்து பார்த்தான். கிளவுஸ் பட்டென்று வெடித்தது.

"எப்படிடா ஆமோஸ்?"

"கை எரியுதுடா, கொலைகாரா! மெதுவாப் போடு."

"நெசமாவா? சும்மா அடிச்சு விடாத."

பந்து ஊர்ந்துதான் வந்தது. அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"சத்தத்தையே கேளேன்டா," என்றேன்.

வெண்டல் போனை எடுத்தான். "ஜோலீன், அந்த வேலை வேணாம்னு சொல்லிட்டேன்னு வெச்சுக்கோ. ஐயோ, அழாத. நீ இங்க வந்து இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கணும்."

நான் கிளவுஸை மறுபடியும் நீட்டிப் பிடித்தேன்.

முதல் இன்னிங்ஸிலேயே மூன்று பந்துகள் வேலிக்கு வெளியே போய் விழுந்தன. மட்டையில் படுகிற பந்துக்கு நான் என்ன சத்தம் கொடுப்பது? பார்க்க வந்தவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் வெண்டலைக் கூப்பிட்டு, டீமில் இனி இடமில்லை என்றார். அதற்குள் பள்ளிக்கூடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

அவன் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்லத்தான் அவனிடம் போனேன்.

"அந்தப் பயலுகளுக்கு இன்னைக்கு நல்ல நேரம், அவ்வளவுதான்டா," என்றான். "என் கையில ஒரு குறையும் இல்ல. நீதான் கேட்டியே அந்தச் சத்தத்தை. நாளைக்குக் காலையில கொஞ்சம் எறிவோமா?"

அவனிடம் மிச்சமிருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

"வாடா," என்றேன், வீங்கிய கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு.