குடைக்கு விலை ஐந்து நட்சத்திரம்

மருந்துக்கடையில் வேலை முடிந்து கிளம்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. பள்ளி வாசலில் நின்ற மகளின் தலைக்கு மேல் அம்மா குடையை விரித்தாள். ஒன்பது வயதுப் பட்டு சட்டென்று விலகி மழைக்குள் போய் நின்றாள்.

"உள்ள வாடி, நனையுற."

"எனக்கு நட்சத்திரம் இல்லம்மா."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடை என்றால் உயிரை விடுகிற பெண் இது. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்றுகூட, அவருடைய மேஜைக்கடியில் உட்கார்ந்து அவர் குடையையே விரித்து மடக்கிக்கொண்டிருந்தவள். பள்ளியில் சேர்க்கும்போது அம்மாதான் வாய்விட்டுச் சொன்னாள், இவளுக்குக் குடை ஒன்று இருந்தால் போதும் என்று. பழைய டீச்சர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். குடைக் கம்பிகளை எண்ண வைத்தே எட்டாம் வாய்ப்பாடு மனப்பாடமாயிற்று. மணிச்சத்தம் தாங்காமல் அலறும்போது குடைக்குள் உட்காரவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவளாகவே பாடத்துக்குத் திரும்பிவிடுவாள்.

இந்த வருடம் டீச்சர் மாறினார். வீட்டில் தலையைத் துவட்டியபடி கேட்டதில் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. குடை இப்போது வகுப்பறை பீரோவின் மேல். வழக்கம்போல் கையை உதறிக்கொண்டிருக்காமல் இருந்தால் ஒரு நட்சத்திரம். ஐந்து சேர்ந்தால் குடை. உதறினால் இருப்பதும் போய்விடும். பட்டு கேட்பதையே நிறுத்திவிட்டாள். பிள்ளை ரொம்பச் சமத்தாகிவிட்டாள் என்று டீச்சர் சொன்னபோது, அம்மா நன்றி வேறு சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலை தலைமையாசிரியையின் அறையில் போய் நின்றாள். டீச்சரையும் கூப்பிட்டார்கள்.

"பிடிச்சதை வச்சுத்தானே பழக்கணும்? குடை பிடிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் டீச்சர்.

"பிடிக்கும்னு சொன்னேன். பிடுங்கச் சொன்னேனா? சத்தம் தாங்காம அவ ஒதுங்குற இடம் அது. அதுக்குப் போய் வாடகை கேட்டிருக்கீங்க."

சத்தம் போடாமல் பேசும்படி தலைமையாசிரியை கேட்டுக்கொண்டார்.

"நான் இன்னும் சத்தம் போட ஆரம்பிக்கவே இல்லீங்க."

விடுவிடுவென்று வகுப்புக்குப் போனாள். மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, தூசி படிந்த குடையை எடுத்து மகளின் மேஜையில் வைத்தாள். பட்டு குடையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகி அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

டீச்சரின் முகம் செத்துவிட்டது. அம்மாவுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

குடை இனி பட்டுவிடமே இருக்கும், அதை வைத்து யாரும் பேரம் பேசக்கூடாது என்று தலைமையாசிரியை அங்கேயே சொல்லிவிட்டார். ஆனாலும் வாரக்கணக்கில் அவள் அதைத் தொடவில்லை. ஒருநாள் மாடியில் பெஞ்சுகளை இழுக்கும் சத்தம் கேட்டபோதுதான் பட்டென்று விரித்து உள்ளே போனாள். மனம்போல் கையை உதறிக்கொண்டு, மணி அடிக்கும்வரை அங்கேயே இருந்தாளாம். இதை வாசலில் வைத்துச் சொன்னது அந்த டீச்சரேதான். சொல்லும்போது கண் கலங்கினார், மன்னிப்பும் கேட்டார்.

பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு அந்த வார்த்தை வரவில்லை.

"அடுத்த தடவை அவளைக் கேட்டுட்டுச் செய்யுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு மகளை அழைத்துக்கொண்டு நடந்தாள். தெருமுனை திரும்பிய பிறகும் அவளுக்குக் கோபம் இறங்கவில்லை.