அசிட்டோன் துணி

கிறிஸ்ரி அண்ணையின் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஊர்காவற்றுறைக் கோயில் திருநாளுக்கு வருகிறாராம். எட்டு வருடமாகக் காணாத என் கூடப்பிறந்த ஆண்பிள்ளை. சண்டை ஓய்ந்து வன்னிப் பாதை திறந்து ஒரு வருடமாகியும் வராத மனுசன் இப்போதாவது வருகிறாரே என்று அழுதழுது வாசித்தேன். கடைசி வரி வந்ததும் அழுகை நின்றுவிட்டது. "குருசுமுத்துவிட்டைக் குடுத்த ட்றம் இருந்தால் திருநாளண்டைக்கு நான் அடிக்கிறன்" என்று எழுதியிருந்தார்.

குருசுமுத்து என் புருசன். கடிதத்தை அவரிடம் நீட்டினேன். வாசித்தார், மடித்தார், விரித்து மறுபடியும் வாசித்தார். சீட்டுப் பிடித்த காசு வந்த கடிதத்தைக்கூட அவர் இரண்டு தரம் வாசித்ததில்லை.

தொண்ணூற்றைந்தில் எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடியபோது அண்ணை குடும்பத்தோடு வன்னிக்குப் போனார். போகும்போது, கோயில் பாண்டில் தான் அடித்துவந்த ஐந்து ட்றம்களையும் இவரிடம் ஒப்படைத்து, "கவனம் மச்சான்" என்று ஒரு சொல்தான் சொன்னார். எழுபதுகளில் கொழும்பில் ஒரு ஹோட்டல் பாண்ட்காரரிடம் பழசாக வாங்கிய செட் அது. நாங்கள் தென்மராட்சி வரை போய்த் திரும்பி வருவதற்குள் நாலு போய்விட்டன. ஒன்றில் யாரோ தண்ணீர் அள்ளினார்கள். ஒன்று அடுப்புக்குப் போனது. மற்ற இரண்டும் போன இடம் எனக்கே தெரியாது. சின்ன ட்றம் ஒன்றுதான் மிஞ்சியது.

அதுவும் ஒழுங்காக இல்லை. அந்தக் காலத்து ட்றம்களின் பலகையைச் சுற்றி, சிப்பியின் உட்பக்கம் போல மினுங்கும் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் உறை ஒட்டியிருக்கும். எங்கள் ட்றம்மில் அந்த உறையின் பொருத்து விட்டுப்போய், ஒரு முனை வெளியே சுருண்டு நின்றது. மற்றப்படி ஒரு கீறல் இல்லை. ஐந்தைத் தந்தவனிடம் ஒன்றைத்தான் கொடுக்கப்போகிறோம், அந்த ஒன்றையாவது வடிவாகக் கொடுக்கவேண்டும் என்று இவர் பிடிவாதமாக நின்றார்.

இவருக்குத் தொழில் மீன்பிடி. அதோடு பைபர் போட்டுகளில் வெடிப்பு விழுந்தால் றெசின் பசை பூசிச் சரிசெய்வார். எங்கள் வீட்டில் கதிரைக் கால், குசினி வாளி, மாதா சுரூபத்தின் கை எல்லாம் றெசினால்தான் நிற்கின்றன. இதற்கும் அதைத்தான் பூசப்போகிறார் என்று நான் பயந்தேன். ஆனால் அவர் ட்றம்மை விரலால் தட்டிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"றெசின் போட்டால் கல்லாப் போயிடும். பிறகு சத்தம் வராது. ஒரு காலத்திலையும் கழட்டவும் ஏலாது."

சுருண்ட முனையில் உடைந்திருந்த உறைத் துண்டு ஒன்றை எடுத்து, மரம் ஒட்டும் பைன்டர் கம் பூசிப் பலகைத் துண்டில் வைத்துப் பார்த்தார். காலையில் இழுத்தபோது பசை பலகையில் இருந்தது, உறை கையோடு வந்தது. கடைசியில் வேலணைச் சந்தியில் செருப்புத் தைக்கும் தம்பையா அண்ணையிடம் போனோம். நானும் கூடவே போனேன். இவர் தனியாகப் போனால் பாதியைக் கேட்டுவிட்டு மீதியைத் தானே முடிவுசெய்துகொண்டு வருவார்.

தம்பையா அண்ணை செருப்பு ஒட்டும் மஞ்சள் பசையை ஒரு ஜாம் போத்தலில் ஊற்றித் தந்தார்.

"ரெண்டு பக்கமும் பூசும். உடனை ஒட்டாதையும். விரல் வச்சால் விரலிலை பிடிக்காத பதம் வரவேணும். பிறகு வச்சால் வச்சதுதான், அரக்க ஏலாது. சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுத்தி இறுக்கி ஒரு இரவு முழுக்க விடும். முதல்லை பழைய பசை, ஊத்தை எல்லாத்தையும் வடிவாத் துடைச்சுப்போடும்."

எதனால் துடைப்பது என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை. பைபர் வேலை செய்கிற வீட்டில் அது ஒரு கேள்வியே இல்லை. எந்த வெடிப்பானாலும் முதலில் எண்ணெய், ஊத்தை எல்லாவற்றையும் கரைத்து எடுக்கும் அசிட்டோனில் நனைத்த துணி, பிறகுதான் மற்றதெல்லாம்.

வெள்ளிக்கிழமை காலையில் துணியை நனைத்துக் கொடுத்தது நான்தான். இவர் சுருண்ட முனையை இடக்கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு, மேலே படிந்திருந்த மஞ்சள் அழுக்கை ஒரே இழுவையாகத் துடைத்தார். அழுக்கு போனது. அதோடு மினுக்கமும் போனது. துணி உறையோடு ஒட்டிக்கொண்டது. பதறி இழுத்தால் வெள்ளை நூல் நூலாக வந்தது. இன்னும் பதறிக் கையால் அமர்த்தினார். கையை எடுத்தபோது இளகிய உறையில் நாலு விரலும் பதிந்திருந்தன. உள்ளங்கை அளவுக்கு, கஞ்சி ஆடை படிந்தது போல ஒரு மங்கல்.

"எட்டு வருசம் ஷெல்லுக்குத் தப்பி நிண்டது" என்று சொல்லிவிட்டு இவர் நிலத்தில் இருந்துவிட்டார். கடலில் வலையைப் பறிகொடுத்து வந்த நாளிலும் நான் அந்த முகத்தைக் கண்டதில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பாவம் கூடுதலாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, பக்கத்து வீட்டிலை ஷெல் விழுந்து நெருப்புப் பிடிச்ச சூட்டிலை உருகினதெண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அந்த நாட்களில் எது போனாலும் யுத்தத்தின் தலையில் போட்டுவிடலாம். ஒருவரும் மேலே கேட்கமாட்டார்கள். மாமி தந்த பீங்கான் கோப்பையை நானே கைதவறிப் போட்டு உடைத்துவிட்டு, இடப்பெயர்வில் போனது என்று சொன்னவள் நான். மாமி எனக்கு ஆறுதலும் சொன்னா.

"ஓம், அப்பிடியே சொல்லுவம்" என்றார் இவர். எந்த வீடு, எந்த மாதம் என்றுகூட இருவரும் பேசி ஒத்துக்கொண்டோம். பசை போத்தல் திறக்கப்படாமலே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணை பஸ்ஸால் இறங்கினார். பாதி ஆளாகப் போயிருந்தார். தோளில் ஒரு துணிப்பை, கக்கத்தில் ஒரு பைல்.

"மச்சாள் வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"மாக்கிறேற் வரமாட்டாள். வீட்டிலை ஆரும் நிக்கவேணுமாம். பெடியன் வந்தால் கதவு திறந்திருக்கவேணுமாம்."

பெடியன் என்றது அவர்களுடைய ஒரே மகன் ஜெகதீஸ். தொண்ணூற்றாறில் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனான், திரும்பவில்லை. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது.

தேத்தண்ணி குடித்துக்கொண்டே அண்ணை பைலைத் திறந்து காட்டினார். மகனைத் தேடிய ஏழு வருடக் கடிதங்கள். சண்டைபிடித்த இந்தப் பக்கத்தாருக்கு எழுதியவை, அந்தப் பக்கத்தாருக்கு எழுதியவை, வந்த பதில்கள்.

"எல்லாத்திலையும் ஒண்டுதான் கிடக்கு, தங்கச்சி. தங்களுக்குத் தெரியாதாம். தாங்கள் பிடிக்கேல்லையாம். தாங்கள் செய்யேல்லையாம்."

இவர் எழும்பி அறைக்குள் போனார். ட்றம்மைக் கொண்டுவந்து அண்ணையின் முன்னால் வைத்தார், உருகிய பக்கம் அண்ணைக்குத் தெரியும்படியாக. மற்ற நாலும் இடப்பெயர்வில் போனதையும் சொன்னார். அண்ணை குனிந்து பார்த்தார்.

"சூடு பட்டதோ? ஷெல்லோ?" என்று அவரே கேட்டார்.

எங்கள் பொய்யை அண்ணையே கையில் எடுத்துத் தந்துவிட்டார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் இவரைக் கண்ணால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இல்லை மச்சான்" என்றார் இவர். "ஷெல்லும் இல்லை, ஆமியும் இல்லை, ஒருத்தரும் இல்லை. நான் செய்தனான். நேற்று. அசிட்டோனாலை துடைச்சனான். போட் துடைக்கிற மாதிரித் துடைச்சுப்போட்டன். உருகுமெண்டு தெரியாது. உது என்ர விரல்தான்."

அண்ணை கையை நீட்டி, அந்த நாலு விரல் பதிவிலும் தன் நாலு விரலை வைத்தார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. ட்றம்முக்காக அழுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"எத்தினை வாசல்லை போய் நிண்டனான்" என்றார். "நான் செய்தனான் எண்டு சொன்ன முதல் ஆள் நீதான் மச்சான்."

இவரும் அழுதார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

பின்னேரம் இரண்டு பேரும் முற்றத்தில் இருந்து ஒட்டினார்கள். சுருண்ட முனையில் சுடுதண்ணீர்த் துணியைப் போட்டு மெல்ல இளக்கி நிமிர்த்தினார்கள். பலகைக்கு இவர் பூசினார், உறைக்கு அண்ணை பூசினார். பூசிவிட்டுக் காத்திருந்தார்கள். ஈர றெசினில் பழகிய கை சும்மா இருக்குமா, இவர் இரண்டு தரம் அவசரப்பட்டு ஒட்டப்போனார். அண்ணை இரண்டு தரமும் கையைத் தட்டிவிட்டார். அந்தக் காத்திருப்பில்தான் அண்ணை மகனைப் பற்றிப் பேசினார், கடிதத்தில் இல்லாததை எல்லாம். விரலில் பிடிக்காத பதம் வந்ததும் பேச்சை நிறுத்தி, ஓரம் பார்த்து ஒரே தரத்தில் வைத்து அமர்த்தினார்கள். பழைய உறை சுருங்கியிருந்ததால் பொருத்தில் நூலளவு இடைவெளி இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு ரியூப் துண்டுகளைச் சுற்றி இறுக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் பாண்ட் தொடங்க இருந்தது. இவர் முந்திக்கொண்டு போய் உருகிய பக்கத்தை அடிப்பவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தார். அண்ணை வந்து, சனம் பார்க்கிற பக்கமாகத் திரும்பவும் திருப்பி வைத்தார்.

சனத்தில் முன்னால் நின்ற ஊர்க்காரர் இளையதம்பி அண்ணை அதைப் பார்த்துவிட்டு, "பாவம், ஷெல் பட்டது போலை" என்றார்.

கிறிஸ்ரி அண்ணை தடியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இல்லை" என்றார், எல்லோருக்கும் கேட்க. "உது என்ர மச்சான் செய்தவன். அந்தா நிக்கிறான்."

சனம் திரும்பி இவரைப் பார்த்தது. இவர் வெட்கத்தில் வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு, போகிற இடம் தெரியாமல் அங்கேயே நின்றார். அண்ணை அடிக்கத் தொடங்கினார்.