இட்டேரியில் வழி கேட்டவன்

திருமூர்த்தியின் மோட்டார் சைக்கிளுக்கு எல்லாம் இருந்தது. காலால் உதைத்துக் கிளப்புகிற கட்டை மட்டும் இல்லை. ஆனைமலைப் பக்கத்து எஸ்டேட் பங்களா ஒன்றின் கொட்டகையில் நெடுங்காலம் கோழி அடைந்து கிடந்த வண்டி அது. பொள்ளாச்சிச் சந்தையில் அதைக் கண்டுபிடித்து, ஒரு கிடாரிக் கன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தபோதே அந்தக் கட்டை முறிந்து போயிருந்தது. கோயமுத்தூரில் தேடாத பழைய இரும்புக் கடை இல்லை. கிடைக்கவில்லை.

ஆகவே வண்டி கிளம்ப வேண்டுமானால் இரண்டு பேர் வேண்டும். திருமூர்த்தி ஏறி உட்காருவான். அவனுடைய சிநேகிதன் ரசாக் பின்னாலிருந்து தள்ளுவான். ரசாக், "பிஸ்மில்லா" என்று சொல்லித் தள்ளத் தொடங்குவான். திருமூர்த்தி "முருகா" என்று கிளச்சை விடுவான். இரண்டு பேரையும் கேட்டுவிட்டுத்தான் இன்ஜின் உயிர் பெறும்.

இருவருக்கும் பதினேழு வயது. ரசாக் கோட்டைமேட்டில் சைக்கிள் பட்டறையில் வேலை செய்தான். திருமூர்த்திக்குப் பீளமேட்டுக்குக் கிழக்கே பருத்தியும் சோளமும் விளைகிற சின்னத் தோட்டம். தகப்பன் இல்லை. தாயார் சென்னியம்மாள்தான் தோட்டம் பார்த்தாள், மாடு பார்த்தாள், மகனையும் பார்த்தாள்.

வண்டியை ஓடவைக்க அவர்கள் பட்ட பாட்டை ஒரு வருஷம் சொல்லலாம். சேறு தடுக்கும் தகடு மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செய்தது. கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தேய்ந்த தோல் பறியிலிருந்து ஒரு துண்டு, பின் டயரின் கிழிசலுக்கு உள்ளே ஒட்டாக உட்கார்ந்திருந்தது. இன்ஜினுக்கு ஊற்றும் எண்ணெய் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. சீமையில் பந்தய வண்டிகளுக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றுகிறார்கள் என்று ரசாக் எங்கேயோ கேள்விப்பட்டு வந்தான்.

"கொட்டமுத்து எண்ணெயா? அதுக்கு ஏன் கண்ணு கடைக்குப் போறீங்க? நம்மூட்டுலயே காய்ச்சறது தானே" என்றாள் சென்னியம்மாள்.

கொட்டமுத்தை வறுத்து இடித்துக் காய்ச்சி, வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டி, ஒரு கலயம் நிறைய அவளே கொடுத்தாள். வண்டியை அவள் தொட்டதில்லை. அது கிளம்பும்போது மாட்டுக் கொட்டகைக்குள் போய்விடுவாள். ஆனாலும் எண்ணெய் ஒருநாளும் குறைந்ததில்லை. அன்பு இருக்கிறவர்களுக்கு, தாங்கள் பயப்படுகிற காரியத்துக்கும் ஒரு கை கொடுக்கத் தெரிகிறது.

அந்த வருஷம் கோடையில் ஊர்க் குளம் வற்றிக் கிடந்தது. மில்காரர்களும் எஸ்டேட்காரர்களும் சேர்ந்து நடத்திய மோட்டார் கிளப், குளத்துக்குள்ளேயும் சுற்றியுள்ள காட்டுவழியிலும் ஒரு பந்தயம் வைத்தது. முதல் நான்கு பேருக்கு ஒரு வருஷம் பெட்ரோலும் டயரும் கிளப் கொடுக்கும் என்று அறிவித்தார்கள்.

செய்தி கேட்ட ராத்திரிச் சாப்பாட்டில் சென்னியம்மாள் சொன்னாள்: "இங்க பாரு சாமி. உன்ற ஆசைக்கு நானு குறுக்க நிக்கல. ஆனா இந்த டயர் கிழிஞ்சா இன்னொண்ணு வாங்க நம்மளால ஆகாது. பால் ஊத்தி வர்ற காசு பெட்ரோலுக்கே பத்தல. அந்த நாலு பேர்த்துல நீ வந்தீன்னா வண்டி இருக்கட்டும். வல்லீன்னா, அடுத்த வாரத்துச் சந்தைக்குக் கொண்டுபோயி வித்துப்போடலாம். செரியா?"

"செரீங்கம்மா" என்றான் திருமூர்த்தி.

ரசாக்குக்கு இன்னொரு கவலை இருந்தது. திருமூர்த்திக்கு வண்டி ஓட்டத் தெரியும், முந்தத் தெரியாது. பத்து வயதிலிருந்து இட்டேரியில் மாட்டுவண்டி ஓட்டி வளர்ந்தவன் அவன். இட்டேரி என்பது இரண்டு பக்கமும் கிளுவை வேலி அடைத்த வண்டித்தடம். ஒரு வண்டிதான் போகலாம். முன்னால் போகிறவரைத் தாண்ட வேண்டுமானால், "ஏனுங்க, தாண்டிக்கட்டுங்களா?" என்று குரல் கொடுக்க வேண்டும். அவர் அடுத்த தோட்டத்துக் கடவு வந்ததும் அந்த வாசலில் ஒதுங்கி வழி விடுவார். கேட்காமல் தாண்டினால், "அது ஆரூட்டுப் பையன்?" என்று ஊர் கேட்கும். பெற்றவள் தலை குனிய வேண்டியதாகிவிடும்.

மோட்டார் சைக்கிளிலும் அவன் அதையே செய்தான். பழகும் நாளில் ஒரு பருத்தி வண்டிக்குப் பின்னால் படபடவென்று ஊர்ந்துகொண்டே போனான்.

"ஏண்டா, அந்த மனுசன் ஊட்டுக்குப் போயிச் சேர்ற வரைக்கும் பொறத்தாலயே போவியா?" என்று ரசாக் கத்தினான்.

"கேட்டேன்டா. அவுருக்குக் காதுல உளுகல."

"பந்தயத்துலயும் வெத்தல பாக்கு வெச்சுக் கேட்டுப்போட்டுத் தாண்டு. கப்பு குடுத்து அனுப்புவாங்க!"

பந்தயத்தன்று காலையில் ரசாக் மூன்று கட்டளை போட்டான். "ஒண்ணு, ஆரையும் கேக்காத. ரெண்டு, மணல்ல வேகத்தைக் கொறைக்காத. மூணாவது, என்ன ஆனாலும் இன்ஜினை நிறுத்தாத. அங்க உன்னத் தள்ள நானு இருக்க மாட்டேன். நின்னா நின்னதுதான்."

சென்னியம்மாள் மருதமலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தை மகனிடம் கொடுத்து வண்டியின் முன்பக்கம் கட்டச் சொன்னாள். பிறகு எண்ணெய்க் கலயத்தோடு குளத்துக் கரையில் வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். நடுவில் வரதராஜுலு. மில் வீட்டுப் பிள்ளை, இருபத்தைந்து வயது, சீமையிலிருந்து கப்பலில் வந்த புது வண்டி. திருமூர்த்தியின் மண்ணெண்ணெய் டின் தகட்டைப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற இன்னொருவர், "வெளக்கேத்த வந்தானா, பந்தயத்துக்கு வந்தானா?" என்று சிரித்தார். எல்லா வண்டியையும் பின்னாலிருந்து ஆள் தள்ளித்தான் விட்டார்கள். ரசாக் "பிஸ்மில்லா" என்றான். திருமூர்த்தி "முருகா" என்றான். புகை மண்டியது.

மூன்று சுற்று. குளத்து மணலில் இறங்கி, எதிர்க்கரை ஏறி, இட்டேரிக்குள் புகுந்து, வளைந்து மறுபடி குளத்துக்கு வர வேண்டும். முதல் சுற்றில் அவன் கடைசி. இரண்டாவதில், கரை ஏறும் இடத்தில் ஒருவரைத் தாண்டினான். உதடு தன்னால் "ஏனுங்க" என்றது, கை நிற்கவில்லை. தாண்டியபின் மனசு குறுகுறுத்தது. மணலில் இன்னும் இருவர் திணறினார்கள்; அவன் வண்டி எடை குறைவு, மேலே மிதந்தாற்போல ஓடியது. மூன்றாவது சுற்று தொடங்கும்போது நான்காவது ஆள் அவன். இதே இடத்தில் முடித்தால் போதும். வண்டி வீட்டில் இருக்கும்.

கடைசிச் சுற்றில் இட்டேரித் திருப்பத்தில் திரும்பியவனுக்கு முன்னால் மூன்று வண்டிகளும் நின்றுகொண்டு உறுமின. அவற்றுக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி தடத்தை அடைத்துக் குறுக்கே நின்றது.

இட்டேரியின் இரண்டு முனையிலும் கிளப்பு ஆள் நிறுத்தியிருந்தது. ஆனால் இந்த வண்டி முனை வழியாக வரவில்லை. நடுவிலிருந்த ஒரு தோட்டத்துக் கடவிலிருந்து, பந்தயம் என்ற ஒன்று நடப்பதே தெரியாமல், வெளியே வந்துவிட்டது. மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போகிற மூன்று பெண்கள் உள்ளே பானைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரன் சின்னான் மாட்டின் தும்புக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். மாடுகள் கண் பிதுங்கி, வாயில் நுரை தள்ளி, வேலிக்குள் பாய்ந்தன.

"ஒதுக்குப்பா! ஒதுக்கு!" என்று முன்னால் நின்றவர்கள் கத்தினார்கள். கத்தக் கத்த இன்ஜினையும் முறுக்கினார்கள். மாடுகள் இன்னும் மிரண்டன. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளிருந்து ஒரு பெண், "ஆத்தா! மாரியாத்தா!" என்று அலறினாள்.

திருமூர்த்திக்கு ரசாக்கின் மூன்றாவது கட்டளை ஞாபகம் இருந்தது. நன்றாகவே ஞாபகம் இருந்தது. அவன் இன்ஜினை நிறுத்தினான்.

வரதராஜுலு திரும்பிப் பார்த்தார். எண்ணெய்ப் புகைக்குள் அந்தப் பையன் கை இரண்டையும் கூப்பி, "சித்த நிறுத்துங்க. மாடு மிரளுதுங்க" என்று கெஞ்சுவது காதில் விழாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கணம் யோசித்து அவரும் நிறுத்தினார். மற்ற இருவரும் அவரைப் பார்த்து நிறுத்தினார்கள். பின்னால் வந்து சேர்ந்த மூவரும் நிறுத்தினார்கள். இட்டேரியில் குருவிச் சத்தம் கேட்டது.

திருமூர்த்தி மாட்டின் பக்கவாட்டில் போய், மூக்கணாங்கயிற்றை மெல்லப் பிடித்து, தாடையைத் தடவிக் கொடுத்தான். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல." மாடு பெருமூச்சு விட்டது. பிறகு, வழக்கம் விடாமல், வண்டிக்காரனைப் பார்த்துக் கேட்டான்:

"ஏனுங்க, தாண்டிக்கட்டுங்களா?"

"தாராளமாத் தாண்டிக்குங்க தம்பி. இதக் கேக்கத்தான் ஆளில்லாமப் போச்சு" என்றான் சின்னான். இருவருமாக வண்டியைப் பின்னுக்குத் தள்ளிக் கடவுக்குள் ஒதுக்கினார்கள்.

மற்ற ஆறு பேரும் மாட்டைத் தாண்டும்வரை வண்டியை உருட்டிக்கொண்டே போய், அப்புறம்தான் உதைத்துக் கிளப்பினார்கள். ஆறு வண்டியும் போயின. புழுதி அடங்கியது. திருமூர்த்தி மட்டும் தன் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தனியாக உருட்டி ஓடிப் பார்த்தான். பொடிமண்ணில் கால் புதைந்தது. இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டுச் சும்மா இருந்தது. சந்தையில் அந்த வண்டி நிற்பதை அவன் மனக்கண்ணாலேயே பார்த்துவிட்டான்.

"ஏங்கண்ணு, எல்லாரும் போயிட்டாங்க. உன்ற வண்டி மட்டும் ஏன் போவுல?" மாட்டுவண்டியிலிருந்து இறங்கி வந்தாள் பழனியாத்தாள், ஆகிருதியான அம்மாள், கன்னத்தில் வெற்றிலை அடக்கம்.

"ஒதைக்கற கட்டை இல்லீங்காத்தா. ஆராச்சும் தள்ளோணும்."

"அட இதென்ன லொள்ளு! எங்களுக்காவ நிறுத்திப்போட்டு நீ நிக்கறயா? அடியே, பானைய எறக்கி வெச்சுப்போட்டு வாங்கடி ரெண்டு பேரும்!"

மூன்று பெண்களும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். "இது என்ன, சினை எருமையாட்டம் கனக்குது!" என்றாள் ஒருத்தி. "பேசாதடி, தள்ளு!" என்றாள் பழனியாத்தாள். வண்டி நகர்ந்தது, ஓடியது. திருமூர்த்தி "முருகா" என்றான். "மாரியாத்தா!" என்றார்கள் பின்னால். படபடவென்று பிடித்துக்கொண்டது இன்ஜின். புகை மூவர் முகத்திலும் அடித்தது.

"அடி ஆத்தி! கொட்டமுத்து எண்ணெய் வாசமடி! வண்டிக்கே பேதிக்கு ஊத்தியிருக்கறாங்க!"

"அதுதான் இந்த ஓட்டம் ஓடுது!"

அந்தச் சிரிப்பு திருப்பம் வரைக்கும் அவனைத் துரத்திக்கொண்டு வந்தது.

குளத்து மணலில் இறங்கியபோது ஒருவர் விழுந்து எழுந்துகொண்டிருந்தார். அவருக்கு அடிபடவில்லை என்று பார்த்துக்கொண்டு அவரைத் தாண்டினான். முன்னால் இன்னொருவர், காலையில் விளக்கேற்ற வந்தானா என்று கேட்டவர், மணலில் உழுதுகொண்டிருந்தார். திருமூர்த்தி தன்னையறியாமல் "ஏனுங்க!" என்று கத்தினான். அவர் திரும்பிப் பார்த்தார். கெட்டியான தடம் ஒன்றுதான் இருந்தது. அவர் கையை ஆட்டி, கடவில் ஒதுங்குகிறவரைப் போலப் பக்கத்து மணலுக்குள் ஒதுங்கிவிட்டார்.

ஆனால் நான்காவது ஆள் அதற்குள் கோட்டைத் தாண்டியிருந்தார். திருமூர்த்தி ஐந்தாவதாக வந்தான்.

ரசாக் ஓடிவந்து தோளைப் பிடித்தான். "என்னடா ஆச்சு? நாலாவதுதானே இருந்த?"

"இன்ஜினை நிறுத்திப்போட்டேன்டா."

ரசாக் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டியின் கைப்பிடியை வாங்கிக்கொண்டான்.

சென்னியம்மாளும் வந்து சேர்ந்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தவள், காற்றில் தன் வீட்டு எண்ணெய் வாசம் வந்ததும் மகன் வந்துவிட்டான் என்று தெரிந்து எழுந்து வந்திருந்தாள். "ஐஞ்சாவதுங்கம்மா" என்றான் திருமூர்த்தி. "சொன்ன சொல்லுப்படி வித்துப்போடலாமுங்க." அவள் அவன் முகத்துப் புழுதியை முந்தானையால் துடைத்தாள்.

அந்தப் பக்கம் கிளப்புக் காரியதரிசி சுந்தரராஜுலுவிடம் முதலாவதாக வந்த வரதராஜுலு, ஐந்தாவதாக வந்த பையனுக்கும் பரிசு வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். காரியதரிசி நல்லவர்; ஆனால் தலையை ஆட்டினார். "நாலுன்னா நாலுதானுங்க. நான் மாத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க." அது நியாயம்தான் என்று திருமூர்த்திக்கும் பட்டது.

வரதராஜுலு நேரே அவர்களிடம் வந்தார். சென்னியம்மாளைக் கும்பிட்டார்.

"உங்க பையன் நிறுத்தலீன்னா அந்த வண்டி குடை சாஞ்சிருக்குமுங்கம்மா. நான் முறுக்கிட்டு நின்னேன். எனக்குத் தோணல, அவனுக்குத் தோணுச்சு." பிறகு திருமூர்த்தியைப் பார்த்தார். "தம்பி, நான் பழகறப்ப என்னோட சேர்ந்து ஓட்ட ஆளில்ல. தனியா ஓட்டிப் பழகினா வேகம் வராது. ஞாயித்துக்கெழமை மில்லுக் காட்டுக்கு வாரீங்களா? பெட்ரோல் அங்க இருக்குது. நான் கழட்டிப் போடற டயருக இன்னும் பாதி உசுரோட கெடக்குது."

திருமூர்த்தி அம்மாவைப் பார்த்தான். சென்னியம்மாள், "சும்மா வாங்கிப் பழக்கமில்லீங்களே" என்றாள்.

"சும்மா எதுக்குங்கம்மா?" என்றான் ரசாக் சட்டென்று. "ஐயா வண்டியோட செயினு ரெண்டு கண்ணி தளர்ந்து கெடக்குது. காலைலயே பாத்தேன். வாராவாரம் நான் பாத்துக் குடுக்கறேனுங்க."

வரதராஜுலு குனிந்து செயினைப் பார்த்தார். "அட, ஆமா!" என்று சிரித்தார். "அப்பச் செரியாப் போச்சு. ஆனா ஒண்ணு தம்பி. ஞாயித்துக்கெழமை என்னத் தாண்டறப்பக் கேட்டுப்போட்டுத் தாண்டக் கூடாது."

"செரீங்க" என்றான் திருமூர்த்தி. எல்லோரும் சிரித்ததற்குக் காரணம், அவன் அதையும் கைகட்டிக்கொண்டு சொன்னதுதான்.

மகன் அவிழ்த்துக் கொடுத்த எலுமிச்சம்பழத்தைச் சென்னியம்மாள் மடியில் கட்டிக்கொண்டாள். அவள் கேட்டது நாலாவது இடத்தைத்தான். சாமி வேறொன்றைக் கொடுத்திருந்தது. கொடுத்ததைக் குறையென்று நினைக்கிற மனசு அவளுக்கு இல்லை.

வெயில் சாய்ந்தது. வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். திருமூர்த்தி ஏறி உட்கார்ந்தான். ரசாக் பின்னால் போய்க் கை வைத்தான். மணல் பொதபொதவென்று இருந்தது, வண்டி அசையவில்லை.

"நகுரு கண்ணு, ஒரு பக்கம் நானு புடிக்கறேன்" என்று ஒரு குரல் கேட்டது. திருமூர்த்தி திரும்பிப் பார்த்தான். சென்னியம்மாள் எண்ணெய்க் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, ரசாக்குக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எங்க புடிக்கோணும்? இங்கயா?" என்றாள்.