நடுவில் இருந்த ஒன்பது நிமிடங்கள்

முதல் இரண்டு நிமிடம், கடைசி ஒரு நிமிடம். எந்த அழைப்பிலும் அவ்வளவுதான் அவள் கேட்பாள். வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில், போன் எடுக்கும் பெண்கள் ஒழுங்காகப் பேசினார்களா என்று பதிவைக் கேட்டு மார்க் போடும் வேலை. நாளுக்கு எண்பது பதிவு. நடுப்பகுதியைத் தாண்டாமல் எவராலும் முடிக்க முடியாது.

அன்று நாற்பத்தோராவது பதிவில் பேசியது அவள் கணவன்.

“மெஷின் சத்தம் போடுதுங்க.”

காலையில்தான் துணி போட்டாள். மெஷின் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. வழக்கப்படி கடைசிக்குத் தாவினாள்.

“உங்ககிட்ட பேசினா மனசு லேசாயிடுதுங்க. வீட்டுல இதெல்லாம் பேச முடியாது. வியாழக்கிழமையும் நீங்கதானே?”

“நான்தான் சார். தயங்காம கூப்பிடுங்க.”

அது குயிலின் குரல். நாலே பேர் இருக்கிற பிரிவில் அந்தக் குரலுக்காகத்தான் அந்தப் பட்டப்பெயர். தேடிப் பார்த்தாள்: மூன்று வாரத்தில் ஒன்பது அழைப்பு, அத்தனையும் குயிலுக்கு. லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு மத்தியானத்தில் அப்படி என்ன பேச்சு? சாப்பிடும்போதுகூட ‘ம்’ தவிர வாயைத் திறக்காதவன். இப்போதெல்லாம் பாக்கெட்டிலிருந்து கையையே எடுப்பதில்லை. உள்ளே போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் போல!

நேராகக் குயிலின் மேஜைக்குப் போனாள்.

“ஒன்பது தடவை ஒரே ஆளு. மெஷினுக்கு என்னதான் கோளாறு?”

“கோளாறு ஒண்ணுமில்லக்கா. பாவம், பேச ஆளில்ல.”

“ஆளில்லையா? அவர் என் வீட்டுக்காரர்டி.”

குயில் எழுந்தே விட்டாள். “ஐயோ! அக்கா, நடுவுல கேட்டீங்களா?”

“இல்ல.”

“கேக்காதீங்க. அவரையே கேளுங்க.”

அதெப்படி இவள் சொல்லலாம்? இடத்துக்குத் திரும்பிப் பதிவின் மேல் விரலை வைத்தாள். ஒன்பது நிமிடம். ஆனால் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு போனால் அவன் பொய் சொல்லும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க முடியாதே. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் டிவியை அணைத்து, அவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“யாருங்க அந்தப் பொண்ணு?”

“எந்தப் பொண்ணு?”

“வியாழக்கிழமைப் பொண்ணு.”

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “நீ ஆரம்பமும் முடிவும்தானே கேப்பே? நீயே சொல்லியிருக்கே.”

“அந்தத் தைரியத்துலதான் என் ஆபீசுக்கே அடிச்சீங்களாக்கும்?”

“முதல் தடவை நிஜமாவே சத்தம் வந்துச்சு. போன் பண்ணேன். அந்தப் பொண்ணு, ‘மெஷின் இருக்கட்டும் சார், உங்க குரல் ஏன் நடுங்குது’ன்னு கேட்டுச்சு.”

அவள் வாயில் சண்டை தயாராக இருந்தது. அதற்குள் அவன் கைகளைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான். விரல்கள் நிற்காமல் ஆடின.

“லிஃப்ட் கூண்டு மேல நின்னு வேலை செஞ்சிட்டிருந்தேன். திடீர்னு இறங்கிடுச்சு. ரெண்டு மாடி. பிரேக் பிடிச்சதால இருக்கேன். மூணு வாரமா ஸ்பேனரே நிக்க மாட்டேங்குது கையில.”

‘என்கிட்ட ஏன் சொல்லலை’ என்று நாக்கு நுனி வரை வந்தது. எதைச் சொல்ல வந்தாலும் முடிவை மட்டும் கேட்டுவிட்டு ‘சரி, டாக்டரைப் பாருங்க’ என்று எழுந்து போகிற பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வான்? வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த வீட்டில் யாரோ கதவைச் சாத்தினார்கள். அவள் அசையவில்லை.

“இன்னொண்ணு இருக்கு,” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். “இதை அந்தப் பொண்ணுகிட்டகூடச் சொல்லலை. அன்னைக்கு கரண்ட்டை அணைச்சு, யாரும் போடாதபடி சுவிட்சுக்குப் பூட்டு போட்டுட்டு ஏறியிருக்கணும். போடலை. தப்பு என்னுது.”

திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் ஒத்திவைத்து, ஆடுகிற விரல்கள்மேல் தன் கையை வைத்தாள்.

“அப்புறம்?” என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.