நீளக் காம்பு

மேஸ்திரி எவரிஸ்தோ லாரியின் பின்கதவைத் திறந்து ஆளுக்கொரு களைக்கொட்டை நீட்டினான். காம்பு ஆள் உயரம் இருந்தது. சாலினாஸ் பள்ளத்தாக்குப் பண்ணைகளில் இதுவரை முழ நீளக் காம்புதான். அதை வைத்துக்கொண்டு நெருக்கமாக முளைத்த லெட்டூஸ் கீரை நாற்றைக் கலைத்துவிட நாள் முழுக்க இடுப்பை இரண்டாக மடிக்க வேண்டும். அந்தக் குட்டைக் காம்புக்கு அரசாங்கம் இப்போதுதான் தடை போட்டிருந்தது.

கூலிக்கு வந்திருந்த எர்மெலிந்தாவும் ஒன்றை வாங்கிக்கொண்டாள். நான்கு நாளாக இடுப்பு அவள் சொன்னபடி கேட்கவில்லை. இன்னொரு நாள் பின்தங்கினால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன் என்று எவரிஸ்தோ சொல்லியிருந்தான். வேலை போனால் பண்ணை முகாமில் தந்த அறையும் போகும். இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கே போவாள்?

இருபத்திரண்டு பேர் வயலில் இறங்கினார்கள். இறங்கிய கையோடு அத்தனை பேரும் குனிந்தார்கள். நீளக் காம்பை அடியில் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மிச்சக் காம்பு முதுகுக்கு மேலே ஆட, வழக்கம்போல் கொத்த ஆரம்பித்தார்கள்.

பக்கத்து வரிசையில் லிப்ராதோ. அறுபதை நெருங்கியவர், இரண்டாம் உலகச் சண்டையில் பட்டாளத்தோடு இத்தாலி வரை போய் வந்தவர்.

"அம்மாடி, உன் கம்பு என் தொப்பியத் தட்டுது."

"உங்களுது என் விலாவக் குத்துது மாமா. மேஸ்திரி பாக்குறாரு, பேசாம கொத்துங்க."

எவரிஸ்தோவுக்கு லாரி மேல் நின்று முதுகுகளைப் பார்ப்பதுதான் வேலை. எல்லாம் மட்டமாகத் தெரிந்தால் வேலை நடக்கிறது. ஒரு தலை உயர்ந்தால் அவன் சோம்பேறி, மறுநாள் வரவேண்டாம். பதினைந்து வருஷமாக இதே சட்டம்தான். இப்போது கம்புகள் ஆடுவதைப் பார்த்து அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அட அறிவுக்கொழுந்துகளா, நிமிருங்கய்யா. நின்னுக்கிட்டுக் கொத்தத்தான் அது."

யாரும் நம்பவில்லை. எர்மெலிந்தா குனிந்தபடியே கேட்டாள்: "நிமிர்ந்தா வேலை போயிடாதே?"

"போகாது. மாதா மேல சத்தியம்."

அவள் இடுப்பில் கையை ஊன்றி மெல்ல எழுந்தாள். ஒரு கொத்து, ஒரு அடி. வலித்தது, ஆனால் தாங்குகிற வலி. அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பத்து மணிக்கு முதல் ஆளாக வரிசையை முடித்தாள். அப்பாடா என்றிருந்தது. வேலை தங்கும், அறை தங்கும். கண்ணீர் வந்தது, அதைத் துடைக்கவும் தோன்றாமல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

எவரிஸ்தோ அவள் வரிசையை நடந்து பார்த்தான். "ஒரு நாத்துகூட வெட்டுப்படல. முன்னைய விட இப்ப சுத்தமாவே இருக்கு."

அதற்குள் லிப்ராதோவும் வளைந்த முதுகோடு வந்து சேர்ந்தார். "என்னைய நிமிருன்னு கடைசியா சொன்னது பட்டாளத்து சார்ஜண்ட்டுதான். முப்பது வருஷமாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். எவரிஸ்தோவும் சிரித்தான். "அப்புறம் என்ன பெரியவரே, நிமிருங்களேன்."

லிப்ராதோ காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மண்ணைப் பார்த்தபடியே சொன்னார்:

"நிமிர்ந்துதான்யா நிக்கிறேன்."