இரும்பு இல்லை

அந்த முகம் நடிப்பே இல்லை என்று இன்றைக்காவது சொல்லிவிட்டால் என்ன?

சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டில் ஷூட்டிங் வேன் குலுங்கிக்கொண்டு போனபோது மாரிசெல்வி இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள். ஆறு வருடமாகச் சொல்லாமல் இருந்தாயிற்று. முதலில் யாரும் கேட்கவில்லை. பிறகு கேட்டார்கள், கேட்டவர்களின் கண்ணில் இருந்த மரியாதையைப் பார்த்ததும் அவளுக்கு வாய் வரவில்லை.

‘ஈரச்சாக்கு’ படத்தில் அவள் வருவது நான்கு நொடி. பட்டாசுக் கம்பெனியின் மருந்து அறையில் நான்கு பெண்கள் உட்கார்ந்து காகிதக் குழாய்களில் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருத்தி சட்டென்று தலையைத் திருப்புகிறாள். அவ்வளவுதான். அந்தத் திரும்பிய முகம்தான் போஸ்டரில் வந்தது. கலை என்று கூசாமல் சொல்லக்கூடிய தமிழ்ப் படங்கள் இவை என்று யார் பட்டியல் போட்டாலும் அந்தப் படம் அதில் இருந்தது. பக்கத்தில் அவள் முகமும் இருந்தது. மதுரையில் சினிமா படிக்கிற மகள் ரோஷினி, விடுதிச் சுவரில் சாமி படம் மாதிரி அம்மாவை ஒட்டி வைத்திருந்தாள். ‘என் அம்மாவின் நான்கு நொடி’ என்று பதினெட்டுப் பக்கம் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தாள்.

நடந்தது இதுதான். அன்றைக்கு அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு ஸ்பானரைக் கீழே போட்டார்கள்.

மருந்து அறைக்குள் இரும்பு ஆகாது. கரண்டி பித்தளை, சுத்தியல் மரம். இரும்பு தரையில் உரசி ஒரு பொறி கிளம்பினால் போதும். அதனால் இரும்புச் சத்தம் கேட்டதும் யோசிக்காமல் பக்கத்திலிருக்கும் கதவு வழியாக ஓட வேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உடம்பில் ஏறிவிடும். படம் எடுத்தது மூடிக் கிடந்த கம்பெனியில். அறையைக் கழுவி விட்டிருந்தார்கள். தட்டில் இருந்தது கரித்தூளும் மைதாவும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை. அவள் திரும்பினாள், எழுந்தாள், ஓடினாள். படத்தில் அவள் எழுவதற்கு முன்பே வெட்டிவிட்டார்கள். ஓடியதும், வெளியே போய்ப் பயத்தில் சேலை நனைந்து நின்றதும் படத்தில் கிடையாது.

டைரக்டர் அருள்பாண்டி அன்றைக்கு ஸ்பானரைத் தவறவிட்ட யூனிட் ஆள் மாரிக்கண்ணனை எல்லார் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டார். “நீயெல்லாம் எதுக்குலே வேலைக்கு வார?” என்று கேட்டதில் அவன் கண் கலங்கிப் போனான். பெண்களிடம் அருள்பாண்டி கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். தெரியாமல் நடந்தது. அதை யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இதைவிடச் சொல்ல முடியாத இன்னொன்றும் இருந்தது. அந்தப் படம் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. தன் முகத்துக்காக இல்லை. படத்தில் ஒரு பெண் வேலை முடிந்து கை கழுவுவாள். விரலிலிருந்து அலுமினியத் தூள் கரைந்து, வாய்க்கால் வழியாக வெள்ளிச் சரிகை மாதிரி ஓடும். கேமரா அந்தப் பெண்ணை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போகும், கருவைமரத்தின் வேர் வரைக்கும். இருபது வருடமாக அதே தண்ணீரை அவளும்தான் ஊற்றியிருக்கிறாள். ஒரு நாளும் பார்த்ததில்லை. படம் பார்த்த மறுநாள் தொட்டியடியில் குனிந்து அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவளை, “என்ன மதினி, மோதிரம் விழுந்திருச்சா?” என்று கேட்டாள் கருப்பம்மாள்.

அந்தக் கருப்பம்மாள்தான் இப்போது வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தின் இடப்பக்கம் தோல் சுருங்கி, காது மடல் வரைக்கும் ஏறியிருந்தது. நான்கு வருடத்துக்கு முன் அவள் வேலை பார்த்த அறை வெடித்தது. அவள் ஓடிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சி பாண்டிமீனா ஓடவில்லை. அதன்பிறகு கருப்பம்மாள் மருந்து அறைப் பக்கமே போனதில்லை. பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள்.

“எனக்கு எம்புட்டு நொடி மதினி தருவாக? ஒனக்கு நாலு குடுத்தாக.”

“பத்துக் கேட்டு வாங்கித் தாரேன்.”

“பத்தெல்லாம் வேண்டாம். இந்த மொகத்தப் பத்து நொடி பாத்தா தியேட்டர்ல ஒருத்தன் இருக்கமாட்டான்.”

வேனில் எல்லாரும் சிரித்தார்கள். கருப்பம்மாள் சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டாள். “வெறும் கரிதான?”

“வெறும் கரிதான். நானே தட்டுல கொட்டுவேன்.”

“நீ சொன்னாச் சரி.”

அதே பழைய கம்பெனி. முதல் படத்துக்குப் பிறகும் அது திறக்கவே இல்லை. ஷெட்டுக்கு ஷெட்டு இடைவெளியில் கருவை மண்டியிருந்தது. மூன்றாம் நம்பர் அறையை மட்டும் துப்புரவு செய்து, வாசலில் தண்டவாளம் போட்டு, கேமராவை அதன் மேல் வைத்திருந்தார்கள். ரோஷினி கையில் கிளாப் பலகையோடு நின்றாள். அருள்பாண்டியின் புதுப் படத்தில் அவள் உதவியாள். இன்றைக்கு முதல் நாள். அம்மாவைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்தவள் மாதிரி முகத்தை இறுக்கி வைத்திருந்தாள், ஆனாலும் சிரித்துவிட்டாள்.

மாரிசெல்வி தன் மரப்பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள். அவள் வேலை பார்க்கிற கம்பெனியில் காலையில் அவளுக்கு அதுதான் வேலை. உள்ளே போகிற ஒவ்வொருத்தியும் ஹேர்பின், ஊக்கு, மெட்டி, வீட்டுச் சாவி எல்லாவற்றையும் அந்தப் பெட்டியில் போட வேண்டும். அவள் கையால் தடவிப் பார்ப்பாள். பிறகு அறை மூலைகளையும் பார்த்துவிட்டு, நிலைப்படியோரம் நின்று, “இரும்பு இல்ல, வரலாம்” என்பாள். அந்தச் சொல் வராமல் எவளும் உள்ளே கால் வைக்க மாட்டாள். முதலாளியே கூப்பிட்டாலும் வைக்க மாட்டாள். அருள்பாண்டிக்கு அந்தப் பழக்கம் பிடித்துப்போய், அதிலிருந்தே காட்சியை ஆரம்பிப்பதாகச் சொல்லியிருந்தார்.

“அக்கா, ஒரு நிமிசம்.”

அருள்பாண்டி அவளை ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் கூட்டிப் போனார். காரியாபட்டிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். ஆனால் வேலைக்கு வந்த பெண்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அங்கே மாரிக்கண்ணன் நின்றான். இப்போது வயிறு வைத்திருந்தான். கையில் துண்டால் சுற்றிய ஏதோ ஒன்று. அவளைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனான்.

“கருப்பம்மா அக்காவ கிழக்குக் கதவுக்கு நேரா உக்கார வைங்க. கேமராவுக்கு இடது பக்கம் தெரியணும்.”

“கழுத்தா?”

“கழுத்து, மொகம் ரெண்டும். பதினோரு மணிக்குள்ள எடுத்திரணும்க்கா. அதுக்கப்புறம் வெயிலு அந்தக் கதவுக்குள்ள வராது.” கொஞ்சம் தயங்கினார். “ஒங்களுக்கு மட்டும் சொல்றேன். நடுவுல மாரிக்கண்ணன் பின்னாடி இருந்து ஒண்ணு கீழ போடுவான்.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மாரிக்கண்ணன் முகத்தைப் பார்த்தபோது விளங்கியது. அவன் அவளை நேராகப் பார்க்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் கண் கலங்கி நின்றபோதும் அவன் நேராகப் பார்க்கவில்லை.

“அன்னைக்கும் வேணும்னுதான் போட்டீகளா?”

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அருள்பாண்டி மறுக்கவில்லை. அதை அவருடைய நல்ல குணம் என்று எடுத்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நடிக்கச் சொல்லி எடுத்தா வராதுக்கா அந்த மொகம். எந்த நடிகைக்கும் வராது. நீங்களே நூறு தடவை பாத்திருப்பீக. சொல்லுங்க, அது இல்லாம அந்தப் படம் உண்டா?”

“அன்னைக்கு இரும்பு இல்லன்னு எங்ககிட்டச் சொன்னது நீங்க. நானே பாத்துட்டேன், ஒரு ஆணிகூட இல்லன்னு சொன்னீக.”

“சொன்னேன்.”

“அப்ப இன்னைக்கும் நீங்களே சொல்லுங்க.”

“நான் சொன்னா கருப்பம்மா அக்கா உள்ள வரமாட்டாக. நீங்க சொன்னாத்தான் வருவாக.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒரு ஆபத்தும் கிடையாது. வெறும் கரி. ஒரே தடவை. ரெண்டாம் தடவை எடுக்க முடியாதுன்னு எனக்கே தெரியும். அவுக பட்டத ஊர் ஒலகம் பாக்க வேண்டாமாக்கா? பேப்பர்ல நாலு வரி வந்துச்சு, அம்புட்டுத்தான். இது நிக்கும். நாம எல்லாம் போனப்புறமும் நிக்கும்.”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது. ஏமாற்றுக்காரனாக இருந்தால் முகத்துக்கு நேராகக் காறித் துப்பிவிட்டுப் போகலாம். வாய்க்காலில் ஓடிய வெள்ளியை அவளுக்குக் காட்டிக்கொடுத்தவர் இந்த மனிதர்தான்.

மாரிசெல்வி தனக்குள்ளேயே ஒரு கேள்வியைப் போட்டுப் பார்த்தாள். அந்த நான்கு நொடியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாயா? எல்லாப் பிரதியிலிருந்தும் வெட்டி எறிந்துவிடலாம், சம்மதமா? கோபம் இருந்தது. அவமானமும் இருந்தது; ஈரச் சேலையோடு நின்ற தன்னைப் பார்த்து அன்றைக்கு இவர் மனசுக்குள் சந்தோஷப்பட்டிருப்பார் என்ற நினைப்பும் இருந்தது. ஆனாலும் எவ்வளவு துழாவியும் ‘சம்மதம்’ என்ற பதில் வரவில்லை. அந்த முகத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

“ரோஷினி நல்லா வருவாக்கா,” என்றார் அருள்பாண்டி. “கடைசிவரைக்கும் எங்கூடவே வச்சிக்கிடுவேன்.”

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. சேர்த்துச் சொன்னார், அவ்வளவுதான்.

“அவளுக்குத் தெரியுமா, ஸ்பானர்?”

“தெரியாது.”

மணி பத்து நாற்பது. வெயில் கிழக்குக் கதவின் நிலையில் ஏறி, உள்ளே ஒரு முழம் விழுந்திருந்தது. அவள் அறைக்குத் திரும்பி நடந்தாள். கால் தானாக நடந்தது. தட்டில் கரித்தூளைக் கொட்டினாள். பித்தளைக் கரண்டிகளை வரிசையாக வைத்தாள். கிழக்குக் கதவுக்கு நேராக ஒரு சாக்கை விரித்தாள். விரித்த பிறகுதான், அருள்பாண்டி சொன்ன இடத்திலேயே விரித்திருப்பது தெரிந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். கேமராவில் கண் வைத்திருந்தவன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

ஒரு சத்தம். ஒரே ஒரு நொடி. கருப்பம்மாள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று அவளுக்குத் தெரியும். வெளியே கதவுப் பக்கம் திரும்பமாட்டாள். அன்றைக்கு விட்டுவிட்டு ஓடியவள் இன்றைக்கு முதலில் பக்கத்தில் இருக்கிறவளைத்தான் திரும்பிப் பார்ப்பாள். பாண்டிமீனா உட்கார்ந்திருந்த பக்கம். அந்த முகம் எப்படி இருக்கும் என்பதும் மாரிசெல்விக்குத் தெரிந்தது. வெயில் எந்தக் கன்னத்தில் விழும் என்பதுகூடத் தெரிந்தது. அது எவ்வளவு பெரிய படமாக இருக்கும் என்று ஒரு கணம் அவளுக்குப் புல்லரித்தது. அப்படிப் புல்லரித்ததற்காகத் தன் முழங்கையைத் தானே கிள்ளிக்கொண்டாள்.

பெண்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். ரோஷினி கிளாப் அடித்து விலகினாள். கேமரா ஓட ஆரம்பித்தது.

ஒவ்வொருத்தியாக வந்து பெட்டியில் போட்டார்கள். ஹேர்பின் இரண்டு. ஒரு ஊக்கு. ஒரு சாவிக்கொத்து. மாரிசெல்வி ஒவ்வொரு கொண்டையையும் தடவிப் பார்த்தாள். கடைசியில் கருப்பம்மாள் வந்தாள். மெட்டியைக் கழற்றச் சிரமப்பட்டு, எச்சில் தொட்டுத் திருகிக் கழற்றிப் போட்டாள். பிறகு நிலையில் அடித்திருந்த செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டாள். உடம்பில் இருக்கிற கரண்ட் அதில் இறங்கிவிடும் என்று எல்லாரும் தொடுவதுதான். கருப்பம்மாள் தொட்ட கையை எடுக்கவில்லை. நான்கு வருடத்துக்குப் பிறகு ஒரு மருந்து அறையின் வாசல்.

அவள் உள்ளே பார்க்கவில்லை. மாரிசெல்வியின் வாயைப் பார்த்தாள்.

கேமராவுக்குப் பின்னால் அருள்பாண்டி தலையை அசைத்தார். ம், சொல்லுங்க.

மாரிக்கண்ணன் அறைக்குள்ளே கேமராவுக்குப் படாத மூலையில், துண்டை மார்போடு அணைத்து நின்றான்.

மாரிசெல்வி பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஓடிக்கொண்டிருந்த கேமராவின் முன்னால் நடந்து, அந்த மூலைக்குப் போய், மாரிக்கண்ணன் முன்னால் பெட்டியை நீட்டினாள். அவன் அருள்பாண்டியைப் பார்த்தான். அவள் யாரையும் பார்க்கவில்லை. கை வலிக்க வலிக்க நீட்டிக்கொண்டே நின்றாள்.

“அக்கா,” என்றார் அருள்பாண்டி. கெஞ்சுகிற குரல். “வெயிலு போகுதுக்கா.”

கிளாப் பலகையோடு நின்ற ரோஷினி அம்மாவையும் டைரக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மாரிக்கண்ணன் துண்டை அவிழ்க்கவில்லை. பெட்டியிலும் போடவில்லை. பார்த்துவிட்டு அவள் பெட்டியோடு வாசலுக்குத் திரும்பி வந்தாள். அதை நிலைப்படிக்குக் குறுக்கே வைத்தாள். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.

“என்ன மதினி,” என்றாள் கருப்பம்மாள். கை இன்னும் செம்புத் தகட்டில் இருந்தது. “வரலாமா?”

“இன்னும் இல்ல,” என்றாள் மாரிசெல்வி. “நீ அங்கனயே நில்லு.”