சுற்றறிக்கை நாற்பத்தேழு: தெரியாத எண்கள்

“இந்தக் கட்டடத்தில் குடியிருப்போர், அவர்களைப் பார்க்க வருவோர், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போவோர் ஆகிய அனைவரின் மேலான கவனத்துக்கும். இன்று முதல், தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எவரும் எக்காரணம் கொண்டும் எடுக்கலாகாது. பிரிவு ஒன்று: மணி அடித்தால் பதறக் கூடாது. பிரிவு இரண்டு: எண்ணைப் பார்த்தபின் போனைக் குப்புறக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிரிவு மூன்று: அத்தகைய எண்ணிலிருந்து வரும் செய்தியையும் திறக்கலாகாது. திறந்தவர் எடுத்தவராகவே கருதப்படுவார்.”

சுற்றறிக்கை எண் நாற்பத்தேழு இவ்வளவுதான். கீழே கையெழுத்து, கையெழுத்தின் மேல் முத்திரை, முத்திரை சரியாக விழவில்லை என்று பக்கத்திலேயே இன்னொரு முத்திரை.

எழுதியவர், இருபத்து நான்கு வீடுகள் கொண்ட அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் சங்கச் செயலாளர். முப்பத்தொரு வருடம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்து ஓய்வு பெற்றவர். தராசு கிடைக்காததால் இப்போது மனிதர்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெரியாத எண்கள் மேல் இத்தனை ஆத்திரம் வரக் காரணம் உண்டு. எட்டு மாதத்துக்கு முன் ஒரு குரல் அழைத்து, இந்த ஆண்டின் சிறந்த சங்கச் செயலாளராக அவரைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொன்னது. ‘என்னையா?’ என்று அவர் கேட்கவில்லை. ‘இப்பத்தானா?’ என்றுதான் கேட்டார். கோட்டு மாட்டிக்கொண்டு, மூன்று பக்க ஏற்புரையோடு சொன்ன மண்டபத்துக்குப் போனார். அங்கே அவரைப் போல் நாற்பது சிறந்த செயலாளர்கள் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒரு மெத்தை இருந்தது. முதுகெலும்புக்கு அது செய்யும் நன்மைகளை இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டு, இலவசத் தலையணை ஒன்றுடன் வீடு திரும்பினார். மறுநாள் காலை நாற்பத்தேழு பிறந்தது.

சட்டம் போட்டால் போதுமா? பரீட்சையும் வைத்தார். யார் யாரிடமோ போனை இரவல் வாங்கி, வீடு வீடாக அழைத்துப் பார்ப்பார். எடுத்தவர் பெயர் அறிவிப்புப் பலகையில் சிவப்பு மையில் ஏறும். இரண்டே மாதத்தில் கட்டடம் தேறிவிட்டது. மணி அடித்தால், அது உண்மையான அழைப்போ செயலாளரின் பரீட்சையோ, எதற்கு வம்பு என்று எல்லோரும் போனைக் கவிழ்த்தார்கள். செயலாளரின் மனைவி பதினான்குக்குப் பதினான்கு வாங்கி முதலிடத்தில் இருந்தாள்.

கடைசி இடம் மூன்றாம் மாடித் தையல்காரிக்கு. கட்டடமே அவளை ஹலோ அக்கா என்றுதான் அழைக்கும். பதினொரு பரீட்சை, பதினொன்றிலும் தோல்வி. “மணி அடிச்சா கை தானா போகுது சார், கையை வெட்டியா போட முடியும்?” என்பாள். தவறான எண்ணில் வந்து விழுந்த மூன்று பேர் இன்றைக்கு அவளுடைய நிரந்தர வாடிக்கையாளர்கள்.

இவ்வளவையும் செயலாளர் சட்டைப் பையில் வைத்திருக்கும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பார். முன்பக்கங்களில் இருபத்து நான்கு வீட்டுப் போன் எண்களும் மதிப்பெண்களும். பின்பக்கத்தில் ‘மறுத்த அழைப்புகள்’ என்று தலைப்பிட்டு, தாம் எடுக்காமல் விட்ட ஒவ்வொரு தெரியாத எண்ணையும், நாள் நேரத்தோடு, வேட்டைக்காரன் கொம்புகளைச் சுவரில் மாட்டுவதுபோல வரிசையாகக் குறித்திருந்தார்.

அந்தக் குறிப்பேட்டில் இல்லாத எண் ஒன்று இருந்தது. அவர் மகளுடையது.

தம் பழைய அலுவலகத்திலேயே மகளுக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்திருந்தார். மேசை, நாற்காலி, முத்திரை, எல்லாம் உள்ள வேலை. அதை உதறிவிட்டு அவள் வேறு ஊரில், முன்பின் தெரியாதவர்களைப் போனில் அழைத்து, ‘நீங்கள் எந்தப் பற்பசை பயன்படுத்துகிறீர்கள்’ என்று கருத்துக் கேட்கிற கம்பெனியில் சேர்ந்தாள்.

“ஊர்ல இருக்கறவன்கிட்டல்லாம் போன் போட்டுத் திட்டு வாங்கத்தான் உன்னைப் படிக்க வெச்சேனா?” என்றார் அவர்.

“திட்டு வாங்கறது எனக்கொண்ணும் புதுசில்லப்பா” என்று சொல்லிவிட்டுப் போனாள். போய் இரண்டு வருடம். அம்மாவோடு மட்டும் பேச்சு.

இன்று அவள் வருகிறாள். இரண்டு ரயிலுக்கு நடுவே கிடைத்த நேரத்தில். மூன்று மணிக்கு வந்து நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். ‘அப்பா வீட்ல இருந்தா பாக்கறேன். இல்லாட்டி, புரிஞ்சுக்கறேன்னு சொல்லுங்க’ என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

செயலாளர் காலை பத்து மணிக்கே இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்தார். சுவர்க் கடிகாரத்தைத் துடைத்தார். மறுபடி உட்கார்ந்தார். அரைக் கிலோ எடைக்கல்லில் பத்து கிராம் குறைந்தாலும் உள்ளங்கையில் கண்டுபிடிக்கிற மனிதருக்கு, மகளிடம் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று பிடிபடவில்லை. ஒன்றேமுக்காலுக்கு அவருக்குத் திடீரென்று கடமையுணர்ச்சி பொங்கியது.

“மேல தொட்டி கழுவறாங்க. மேற்பார்வை பாத்துட்டு வந்துடறேன்.”

“தொட்டி எங்கேயும் ஓடிப் போயிடாது” என்றாள் மனைவி. “மூணு மணிக்கு நீங்க இங்க இருக்கணும். சொல்லிட்டேன்.”

“அதுக்குள்ள வந்துடுவேன்” என்றவர், போனை மேசைமேலேயே விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினார்.

அங்கே தொட்டி கழுவுகிறவர் தொட்டிக்குள் இருந்தார். தேய்க்கும் சத்தம் மட்டும் வந்தது. செயலாளர் கைப்பிடிச் சுவரோரம் நின்று தெருவை மேற்பார்வை பார்த்தார். சரியாக இரண்டு மணிக்கு, அவருக்குப் பின்னால் ‘க்ளக்’ என்று ஒரு சத்தம்.

சுற்றறிக்கை எண் பத்தொன்பது: மொட்டை மாடிக் கதவு சரியாக இரண்டு மணிக்குப் பூட்டப்பட வேண்டும்; ஐந்து மணிக்கு முன் திறக்கலாகாது. ஐந்து நிமிடம் தாமதித்த குற்றத்துக்காகப் போன வாரம்தான் காவலாளிக்கு வசவு விழுந்திருந்தது. இன்று அவன் திருந்தியிருந்தான். மேலே ஆள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிப் பத்தொன்பதில் ஒரு வரியும் இல்லை.

செயலாளர் கதவைத் தட்டினார், குத்தினார், உதைத்தார். எதிர்ப்புறம் பழைய கட்டடத்தை இடிக்கும் இயந்திரம் போட்ட கூச்சலில் அவருக்கே அது கேட்கவில்லை.

தொட்டியிலிருந்து ஒரு தலை எழும்பியது. “எதுக்கு சார் பதறுறீங்க? நான் அஞ்சு மணிக்குத்தான் முடிப்பேன். அப்ப வந்து திறக்கறேன்னு வாட்ச்மேன் சொல்லியிருக்காப்ல.”

“அஞ்சு மணியா! உங்ககிட்ட போன் இருக்கா?”

இருந்தது. பொத்தான் வைத்த பழைய போன். அவர் முதலில் மனைவியை அழைத்தார். ஐந்து முறை மணி போய்த் துண்டிக்கப்பட்டது. மறுபடி. மறுபடி. செய்தி அனுப்பினார். பிரிவு மூன்று. நான்காவது முறை மணியே போகவில்லை. அந்த எண்ணையே அவள் தடுத்துவிட்டாள். பதினைந்துக்குப் பதினைந்து.

காவலாளியும் எடுக்கவில்லை. குறிப்பேட்டைத் திறந்து முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். நான்காம் மாடிப் பல் டாக்டர் பால்கனியில் உட்கார்ந்திருப்பது மேலிருந்தே தெரிந்தது. டாக்டர் போனைக் கையில் எடுத்தார், எண்ணைப் பார்த்தார், பதறவில்லை, குப்புறக் கவிழ்த்தார், வயிற்றின் மேல் கைகோத்துக்கொண்டு புன்னகைத்தார். இவ்வளவு அப்பழுக்கற்ற கீழ்ப்படிதலைச் செயலாளர் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை. பார்த்து அழுகை வந்தது.

“டாக்டர்! டாக்டர்!”

இயந்திரம் விழுங்கிவிட்டது.

“வாளியைத் தூக்கிக் கீழ போடட்டுமா சார்?”

“மாடியிலேருந்து எதையும் எறியக் கூடாது” என்றார் தன்னையறியாமல். “இருபத்திரண்டு.”

மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. நீலப் பையோடு ஒரு பெண் இறங்கினாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். செயலாளர் இரண்டு கையையும் ஆட்டினார். தெருவில் போகிற யாரும் எப்போதும் மேலே பார்ப்பதில்லை என்பதை அன்றுதான் கவனித்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

“யாரு சார்?”

“என் பொண்ணு. ரெண்டு வருஷம் கழிச்சு வருது. நாலு மணிக்குப் போயிடும்.”

தொட்டிக்காரர் தொட்டி விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். “அப்பா நம்மைப் பாக்கப் பிடிக்காம மேல போய் ஒளிஞ்சுக்கிட்டார்னு நெனைக்குமே?”

“நான் ஒண்ணும் ஒளிஞ்சுக்கல. மேற்பார்வைக்கு வந்தேன்.”

“தொட்டிக்குள்ள ஒரு தடவைகூட எட்டிப் பாக்கலியே சார்.”

செயலாளர் அடுத்த எண்ணை அழுத்தினார். மூன்றரைக்குள் பதினேழு வீடுகள். பதினேழும் தேர்ச்சி. மிச்சமிருந்தவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரே ஒரு பக்கத்தை அவர் வேண்டுமென்றே தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். பதினொரு சிவப்புக் குறி போட்ட பக்கம். பதினொரு தடவை தாம் சந்தி சிரிக்க வைத்தவளிடம் போய் எந்த முகத்தோடு கேட்பது? கடைசியில் முகமாவது மண்ணாவது என்று அழுத்தினார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாயிற்று.

“ஹலோ! சுருக்கணுமா, நீட்டணுமா?”

“நான்... செயலாளர் பேசறேன்.”

“அடக் கடவுளே, பன்னெண்டாவதா? எழுதிக்குங்க சார், தாராளமா எழுதிக்குங்க. இந்தத் தடவை கொட்டை எழுத்துல போடுங்க, எனக்குக் கண்ணாடி இல்லாம தெரிய மாட்டேங்குது.” வைத்துவிட்டாள்.

செயலாளர் மறுபடி அழைத்தார். அதே எண். ஒரு நொடிதான்.

“ஹலோ! சுருக்கணுமா, நீட்டணுமா?”

“வெச்சிடாதீங்கம்மா! மொட்டை மாடியில மாட்டிக்கிட்டேன். பூட்டிட்டாங்க.”

“இது என்ன, புதுக் கேள்வித்தாளா?”

“இல்லம்மா. என் பொண்ணு வந்திருக்கா. நாலு மணிக்குக் கிளம்பிடுவா. ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கறாங்க.”

பிரிவு எண் இல்லாமல் அந்த மனிதர் பேசி அவள் கேட்டதில்லை. “இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்றாள். “இருங்க, ஊசியைக் குத்தி வெச்சிட்டு வரேன்.”

மூன்றே முக்காலுக்கு இயந்திரம் சற்று ஓய, கதவுக்கு அந்தப்பக்கம் வாக்குவாதம் கேட்டது. “சுற்றறிக்கைப்படி அஞ்சு மணிக்கு முன்னாடி திறக்கக் கூடாதுக்கா...”

“அந்தச் சுற்றறிக்கையைப் பெத்தவரே உள்ளதான்டா கெடக்கார். திற!”

கதவு திறந்தது. காவலாளி, கழுத்தில் அளவு நாடாவோடு ஹலோ அக்கா, அவளுக்குப் பின்னால் நீலப் பையைத் தோளில் மாட்டியபடி மகள். கிளம்பிக்கொண்டிருந்தவளைப் படிக்கட்டில் பார்த்துக் கையோடு இழுத்து வந்திருந்தாள் அக்கா. மாடிக் கதவு பூட்டியிருந்ததால் அவர் வெளியே எங்கோ போய்விட்டார் என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள்.

இஸ்திரி போட்ட சட்டை வியர்வையில் ஒட்டியிருக்க, செயலாளர் நின்றார். முதல் வார்த்தை தானாக வந்தது.

“பதினேழு பேரும்மா. ஒருத்தர்கூட எடுக்கல.”

மகள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “பதினேழுதானா? எனக்கு அது காலை டீக்கு முன்னாடிப்பா.”

தொட்டிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் எதிரொலித்தது. மகள் அவர் கையிலிருந்த குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினாள். மதிப்பெண்களைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பின்பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. விரல் ஒரு வரியில் நின்றது.

“இது எங்க ஆபீஸ் நம்பர்.” விரல் கீழே இறங்கியது. “இதுவும். இந்த வெள்ளிக்கிழமை... இதுவும் நான்தான். மதியம் இடைவேளையில கூப்பிட்டேன். எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பர்ல விழும்.”

செயலாளர் வரிசையைப் பார்த்தார். நாள், நேரம், ‘மறுக்கப்பட்டது’. ஏழு இடங்களில் விரல் நின்றது.

“கையெழுத்து முத்து முத்தா இருக்கு” என்றாள் ஹலோ அக்கா, எட்டிப் பார்த்து.

“நீ அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“சொல்லிக் கூப்பிட்டா, நீங்க எழுதி வெச்சுப் படிப்பீங்க. சும்மா பேசணும்னுதான்.” குறிப்பேட்டை மூடி அவர் பையிலேயே செருகினாள். “ரயிலுக்கு நேரமாச்சு. ஸ்டேஷன் வரைக்கும் வரீங்களா, இல்ல இன்னும் மேற்பார்வை பாக்கி இருக்கா?”

அவர் செருப்பைத் தேடாமலே படியிறங்கினார். இரண்டாம் மாடியில்தான் மகள் பார்த்துத் திரும்பப் போய் எடுத்து வந்தாள். காரில் ஸ்டேஷன் போகும்வரை பற்பசையைப் பற்றித்தான் பேசினார்கள். எந்தப் பற்பசை, எத்தனை வருடமாக, ஏன். எல்லாக் கேள்விக்கும் அவர் பதில் சொன்னார். பாதியில் துண்டிக்காமல் முழுதாகப் பதில் சொன்ன ஆள் இந்த மாதத்தில் அவர்தான் முதல் என்றாள்.

“உன் நம்பரைப் பதிஞ்சு வெச்சுக்கறேன்” என்றார், ரயில் நகரும்போது.

“எதைன்னு பதிவீங்க? இடைவேளையில கூப்பிட்டா ஆபீஸ்லேருந்துதான் கூப்பிடுவேன். எந்த நம்பர்ல வரும்னு எனக்கே தெரியாது. எல்லாத்தையும் எடுங்க.”

மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை எண் நாற்பத்தெட்டு ஏறியது. நாற்பத்தேழு ரத்து. சிவப்புப் பெயர்கள் அழிக்கப்பட்டன. முதல் மதிப்பெண் ஹலோ அக்காவுக்கு, பன்னிரண்டுக்குப் பதின்மூன்று. கணக்கு உதைக்கிறதே என்று பல் டாக்டர் கேட்டதற்கு, உதைத்தால் உதைக்கட்டும் என்றார், முப்பத்தொரு வருடம் தராசு சோதித்தவர்.

மதிய இடைவேளை நேரத்தில் அவர் போன் அடித்தது. தெரியாத எண். செயலாளர் பதறினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், தொண்டையைச் செருமினார், மனைவியைக் கையசைத்துக் கூப்பிட்டார், எடுத்தார்.

“ஹலோ, சொல்லும்மா. சாப்பிட்டியா?”

அந்தப்பக்கம் ஓர் இளம்பெண்ணின் குரல், இனிமையாக, நிதானமாகப் பேசத் தொடங்கியது. அவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். முடிந்ததும், “மெத்தை வேண்டாம்மா, ஆனா நீ நல்லாப் பேசற. யாராவது வெச்சிட்டா மனசு விட்டுடாத” என்றார்.

அது பதிவு செய்யப்பட்ட குரல்.